ஓசியில் திறந்த கணக்கு

சோபனாவைத் தலைமுழுகிய அன்று செங்கல்வராயன் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்றுதான் மாதனூரில் பேச்சு.

ரேஷன் கார்டிலிருந்து மகள் பெயரை எடுத்தார். கூடத்தில் மாட்டியிருந்த பட்டமளிப்பு போட்டோவை ஆணியோடு பிடுங்கினார். பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் தேவசகாயத்தைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டவள் பெயரை இந்த வாசலில் யாரும் சொல்லக் கூடாது என்றார். இரண்டு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார். அதற்குக் காசு கொடுத்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

போன வாரம், கரண்ட் ஏறி இறங்கியதில் ஷெட்டின் லேப்டாப் புகைந்துபோன இடத்தில் நிறுத்தியிருந்தோம். தோல் பை தைக்கும் அந்தச் சின்ன ஷெட்டில் பெரிய ஆள் செங்கல்வராயன். ஓடியாடுகிறவன் மகன் நவநீதன். படம் வரைவது, மெயில் போடுவது எல்லாம் மருமகள் ஹரிணி. காலையில் அவள் தன் அண்ணனிடம் ஒரு பழைய லேப்டாப்பை இரவல் வாங்கி வந்துவிட்டாள். பாஸ்வேர்டு தெரியும். அடித்தாள்.

உள்ளே விடவில்லை.

"புது மெஷின்ல இருந்து வர்றியாம். நீ நீதானான்னு பாக்கணுமாம். போனுக்கு ஆறு நம்பர் அனுப்புறானாம்" என்றாள்.

நவநீதன் தன் போனைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. "இன்னொரு தடவை அனுப்பச் சொல்லு."

அனுப்பினாள். மறுபடி அனுப்பினாள். திரையில் வந்த போன் நம்பரில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிந்தது. மீதியெல்லாம் புள்ளி.

"இது உன் நம்பரா?"

"இல்லீங்க. உங்களுதும் இல்ல."

"அப்போ யாருது?"

ஹரிணி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "உங்க தங்கச்சிது."

இந்தப் பக்கத்தில் தொழில் திறந்தால் முதல் போணி வீட்டுப் பெண் கையால். கைராசி பார்க்காமல் இங்கே ஆணிக்கடைகூடத் திறப்பதில்லை. செங்கல்வராயன் பெரிய கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டு ஷெட் போட்டபோது, முதல் தோலில் கத்தியை வைத்தது சோபனாதான். அந்த மாதமே கையில் கொள்ளாத வேலை. அப்புறம் நெட்டில் வியாபாரம் பண்ணலாம் என்று அவள் சொன்னபோது, நல்ல நேரம் பார்த்து லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, "அதையும் நீயே தொற" என்று முன்னால் உட்காரவைத்தவர் அவர்தான்.

சோபனா திறந்தாள். ஒரு மெயில். அதைப் பிடித்துக்கொண்டு பைகளைப் படம் போட்டு வைக்க ஒரு பக்கம், அளவு வரைய ஒரு இடம், சரக்கு இருப்பு எழுத ஒரு ஷீட்டு, வெளியூர்க்காரனோடு முகம் பார்த்துப் பேச ஒரு வழி. எல்லாவற்றுக்கும் அந்த மெயில்தான் வாசல். அந்த வாசலுக்குக் காவல் அவள் போன் நம்பர்.

"எவ்ளோ கேக்கறான்?" என்று அன்றைக்கு அப்பா கேட்டார்.

"ஓசி நைனா. எல்லாமே ஓசி."

"ஓசியா? அப்போ இதுல ஏமாறறவன் யாரு?"

வீடே சிரித்தது. அவர் வியாபாரத்தில் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

*

இன்றைக்கு நிலைமை சிரிக்கும்படி இல்லை.

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதும் பெரிய கம்பெனிகள் வெளியே கொடுக்கும் தையல் வேலையை நிறுத்திவிட்டன. ஷெட்டில் பாதி மெஷின்களுக்கு உறை போட்டாகிவிட்டது. மிச்ச மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வேலையை மெதுவாகச் செய்யப் பழகிவிட்டார்கள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

இருந்தது ஒரே ஒரு ஆர்டர். ஆம்பூரில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அம்பரீன் கொண்டுவந்தது. ஜெர்மனிக்கு லேடீஸ் கைப்பை. பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை. இன்றைக்கு மத்தியானம் வெள்ளைக்காரன் ஆன்லைனில் வருகிறான். யூனிட் மெயிலில் இருந்து யாராவது உள்ளே வந்து, வரைந்து வைத்திருக்கும் அளவைக் காட்டி, சரி என்று அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அமுக்காவிட்டால் ஆர்டர் பேரணாம்பட்டில் இன்னொரு யூனிட்டுக்குப் போகும். இந்த ஷெட்டுக்குப் பூட்டு.

நவநீதன் அம்பரீனுக்கே போன் போட்டுப் பார்த்தான்.

"வேற மெயில்ல இருந்து வர்றேன் மேடம்."

"எடுக்காது பாய். போன மாசம்தான் ஒருத்தன் இன்னொரு யூனிட் பேர்ல வந்து ஏமாத்திட்டான். அதுல இருந்து சிஸ்டம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். அந்த மெயில்ல வாங்க, இல்லன்னா விட்டுடுங்க. என் கையில ஒண்ணும் இல்ல பாய்."

அப்பாவிடம் சொல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

செங்கல்வராயன் தோலை விரித்து, உள்ளங்கையால் தடவி, பூச்சி கடித்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நைனா, ஒரு பேஜாரு."

"இன்னா?"

"மெயிலு தொறக்க மாட்டேங்குது."

"அந்தக் கம்பெனி நம்பர் குடு. நான் பேசறேன்."

ஹரிணி குறுக்கே வந்தாள். "அந்தக் கம்பெனிக்கு நம்பரே கிடையாது மாமா."

"நம்பர் இல்லாத கம்பெனி இன்னாம்மா கம்பெனி? ஆபீஸ் எங்க? மெட்ராஸா, பெங்களூரா? பஸ் ஏறிப் போய் நிக்கறேன். எவனா இருந்தாலும் ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசினா வழிக்கு வருவான்."

"காசு கட்டறவங்களுக்குத்தான் மாமா ஆளு. ஓசிக்காரங்களுக்கு ஒரு பக்கம் குடுத்திருக்கான். நாம கேள்வி கேட்டா, அது நம்மளத் திருப்பிக் கேள்வி கேக்குது."

"அப்போ அத வுட்டுத் தள்ளு. ஓசிதான? இன்னொண்ணு தொற."

"தொறந்து பாத்துட்டேன். உள்ள காலி வீடு. நம்ம அளவு, நம்ம படம், வாங்கினவங்க நல்லா இருக்குன்னு எழுதினது, எல்லாம் பழைய வீட்டுல இருக்கு."

அவர் தோலை மடித்து வைத்தார். பேரத்தில் பழுத்த ஆள். எதிராளி எதைச் சொல்லாமல் மென்று முழுங்குகிறான் என்பது அவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

மகனும் மருமகளும் தரையைப் பார்த்தார்கள்.

வாசலோரத்து மெஷினில் அவர் மனைவி தனகோடி தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷின் சத்தம் நின்றது. அவருக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"ஆர்டர் போனா போவட்டும்" என்றார்.

"நைனா, அந்தப் பொம்பளைங்க…"

"போவட்டும்னேன்."

*

நவநீதன் பைக் சாவியை எடுத்தான். ஆம்பூரில் பைக்குப் பக்கிள் வாங்கி வருகிறேன் என்று யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னான்.

வாசலில் தனகோடி ஊசியில் நூல் கோத்தபடி, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"பக்கிள் கடைக்கா?"

"ஆமாம்மா."

"பக்கிள் கடைக்காரி உடம்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா."

ஆம்பூரில் ரயில் லைனை ஒட்டிய தெருவில் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தத் தெருவைத் தவிர்த்துப் போகிறவனுக்கு வீடு எது என்று நன்றாகவே தெரியும்.

தேவசகாயம்தான் கதவைத் திறந்தான். அவன் கம்பெனியிலும் வாரத்தில் பாதி நாள் லைன் ஓடுவதில்லை.

"வாங்க மச்சான்."

"ம்" என்றான் நவநீதன்.

முன்னறையில் ஒரு தையல் மெஷின். பக்கத்தில் பாதி தைத்த பர்சுகள். சோபனா உள்ளிருந்து வந்து அண்ணனைப் பார்த்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு செத்துட்டா?"

"யாரும் இல்ல."

"அம்மா?"

"நல்லா இருக்கு."

"அப்போ எதுக்கு வந்தே?"

"உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்" என்றான்.

சோபனா சிரித்தாள். உள்ளே போகத் திரும்பிய தேவசகாயம் அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்றுவிட்டான்.

"கேட்டீங்களா? ரெண்டு வருஷம் கழிச்சு அண்ணன் வந்திருக்காரு. தங்கச்சியப் பாக்க இல்ல. ஓடிபி வாங்கினு போக."

"சோபனா…"

"வந்துச்சுண்ணா. காலையில இருந்து வந்துனே இருக்கு. எவனோ திருடன்னு நெனச்சேன்." மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இவரு எனக்கு வேற சிம் வாங்கித் தந்தாரு. நான் இத வுடல. ஏன்னு தெரியுமா? எப்பயாவது ஒரு மெசேஜ் வரும். உங்க பக்கத்துல புதுசா ஒரு படம் சேந்திருக்குன்னு. ஓகோ, அண்ணி புதுப் பை போட்டிருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். வீட்ல இருந்து எனக்கு வந்த சேதி அதுதாண்ணா. அதுக்குத்தான் இந்த சிம்."

நவநீதன் மெஷினைப் பார்த்தபடி பேசினான். ஆர்டரைச் சொன்னான். மத்தியானக் கெடுவைச் சொன்னான். ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களைச் சொன்னான்.

சோபனா கடைசிவரை கேட்டாள்.

"குடுக்கறேன். நைனா கேக்கட்டும்."

"கேக்க மாட்டாரு. உனக்கே தெரியும்."

"வீட்டுக்கு வான்னு சொல்ல வேணாம். இவர மாப்ளன்னு சொல்ல வேணாம். என் பேரச் சொல்லிக் கேக்கட்டும். அவ்ளோதான்."

ஒரு விலையைச் சொல். சொன்னதும் வாயை மூடிக்கொள். முதலில் பேசுகிறவன் தோற்றான். அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் செங்கல்வராயன். சோபனா வாயை மூடிக்கொண்டாள்.

நவநீதன்தான் தோற்றான். வீட்டுக்குப் போன் போட்டான்.

ஹரிணி ஸ்பீக்கரில் வைத்து மாமனார் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தள்ளியும் விடவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"மாதனூர் யூனிட்ல இருந்து பேசறேன்" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் சோபனா.

"அங்க ஒரு நம்பர் வந்திருக்குமாம்."

"வந்திருக்கு. யாரு கேக்கறாங்க?"

"யூனிட்டு."

"யூனிட்டுக்கு நான் இன்னா ஆவணும்?"

ஷெட்டின் ஃபேன் சத்தம் போனில் கேட்டது. சோபனா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிவிடுவார் என்று அந்த நேரத்தில் நவநீதன்கூட நம்பினான்.

"அதுக்கு இன்னா உண்டோ, குடுத்துடறோம்" என்றார்.

தேவசகாயம் சமையல்கட்டுக்குப் போய்விட்டான்.

"என்கிட்ட சில்லறை இல்லீங்க" என்றாள் சோபனா.

லைன் அறுந்தது. அறுத்தது அந்தப் பக்கம்.

நவநீதன் எழுந்தான். "நீயாவது குடு சோபனா."

"நீயாவது என் கல்யாணத்துக்கு வந்தியாண்ணா?"

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான். பைக்கைக் கிளப்பிய பிறகுதான் தங்கை உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. இறங்கி மறுபடி கதவைத் தட்டத் தைரியம் இல்லை.

*

ஷெட்டுக்குத் திரும்பியபோது பெண்கள் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளையில இருந்து வர வேணாம்னு சொல்ட்டாரு" என்றாள் ஹரிணி. "ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா போய்ச் சொன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்குப் பாக்க முடியலீங்க."

அவர்களில் ஹெலன் அக்கா மட்டும் தன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லா வெச்சிருந்தா நல்ல விலைக்குப் போவும் பாரு" என்று பொதுவாகச் சொன்னாள். ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

செங்கல்வராயன் கட்டிங் டேபிள்மேல் கையை ஊன்றி நின்றார். மத்தியானக் கெடு தாண்டிப் போயிருந்தது.

அப்போதுதான் அம்பரீன் கூப்பிட்டாள். நவநீதனுக்கு எடுக்கவே மனமில்லை. கெட்ட சேதியையும் சீக்கிரம் கேட்டுவிடலாம் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"பாய்! மாஷா அல்லா! மீட்டிங் சூப்பர் பாய்!"

"எந்த மீட்டிங்?"

"இன்னா பாய், கலாய்க்கிறீங்களா? உங்க மெயில்ல இருந்துதான மேடம் வந்தாங்க? கைப்பிடி அகலம் கம்மியா இருக்குன்னான் வெள்ளைக்காரன். அவன் பாக்கவே அளவ மாத்தி வரைஞ்சு காமிச்சுட்டாங்க. அப்ரூவ் பண்ணிட்டான். இன்னும் ஜாஸ்தி பையே கேப்பான் போல."

ஹரிணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு நம்பரையும் சோபனா யாருக்கும் கொடுக்கவில்லை. தானே அடித்துத் தானே உள்ளே போயிருக்கிறாள். வாசல் அவள் திறந்தது. பாஸ்வேர்டும் அவள் வைத்தது.

கதவுவரை போன பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"ஒரே ஒரு வேலை பாக்கி" என்றாள் அம்பரீன். "ரெஜிஸ்டர்ல உங்க பேரும் அப்பா பேரும்தான் இருக்கு. மேடம் பேர் இல்ல. அப்பா வாயால ஒரு வார்த்தை வேணும். ரெக்கார்ட் ஆவுது. மேடமும் லைன்லதான் இருக்காங்க. குடுங்க பாய்."

நவநீதன் போனை டேபிள்மேல் வைத்தான்.

"செங்கல்வராயன் சார், சலாம். இன்னிக்கு உங்க யூனிட்டுக்காகப் பேசின சோபனா மேடம், உங்க பொண்ணுதானே?"

அவர் போனைப் பார்த்தார்.

"சார்? கேக்குதா?"

"கேக்குது."

"உங்க பொண்ணுதானே சார்?"

"எனக்குப் பொண்ணு…" என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை இரண்டு வருஷமாக எத்தனையோ பேரிடம் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்திருக்கிறார். இன்றைக்குப் பாதியில் நின்றது.

அம்பரீனின் குரலில் சிரிப்பு போய்விட்டது. "இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க சார். அப்போ யாரோ உங்க மெயில்ல திருட்டுத்தனமா வந்திருக்காங்கன்னு அர்த்தம். நான் சைபர் கிரைமுக்கு எழுதிக் குடுத்தாவணும். எங்க ஆபீஸ் ரூல். போன மாசம் அந்த ஆளையும் அப்படித்தான் புடிச்சாங்க."

போனுக்குள் சோபனாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. மகள், இல்லையென்றால் திருடி. மூன்றாவதாக ஒன்றைக் காட்டிப் பேரம் பேச அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

செங்கல்வராயன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். முகத்தையும் துடைத்தார். துண்டு முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது.

"ஆமா" என்றார். "என் பொண்ணுதான். சோபனா."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டு, உடனே அமுங்கியது.

"தேங்க்ஸ் சார். அவ்ளோதான்…"

"இரும்மா. நான் முடிக்கல." அவர் டேபிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அது என் பொண்ணு. திருடி இல்ல. யாரும் அத அப்படிச் சொல்லக் கூடாது. ஆனா, அது வாங்கினு வந்த ஆர்டர் எனக்கு வேணாம். அந்தக் கையால வந்தத இந்த ஷெட்டு தைக்காது."

"நைனா!" என்று கத்தினான் நவநீதன்.

"சார், யோசிச்சுச் சொல்லுங்க…" என்றாள் அம்பரீன்.

"சொல்ட்டேன்."

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுக்காமல் போகும் வியாபாரியைச் சோபனா அதுவரை பார்த்ததில்லை. அவள் பேசியபோது அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"சரி நைனா. நானே தைச்சுக்கறேன்."

வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது. கதவருகே நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹெலன் அக்கா எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். செங்கல்வராயன் யாரையும் பார்க்காமல் டேபிளில் கிடந்த தோலைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"மெஷின எந்தத் தெருவுலடி போடப் போற?"

கேட்ட குரல் போனுக்குள்ளிருந்து வந்ததல்ல. அவர் திரும்பினார்.

தனகோடி தன் மெஷின் சுவிட்சை அணைத்து, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் போட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்களோடு நின்றிருந்தாள்.